டெபியனில் பைதான் நிரலகமும் அதன் கட்டளையும்: கேள்வி-பதில்

கேள்வி: என் பைதான் நிரலகத்தோடு (பிற நிரல்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, library) ஒரு கட்டளையும் வருகிறது. இரண்டையும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஒரே பொதியில் (நிறுவத்தக்க கோப்புத் தொகுப்பு, package) வைக்கலாமா?

பதில்: அக்கட்டளையை யார் பயன்படுத்துவார் என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் நிரலர்களுக்கே பயன்படுவதாயின் நிரலகப் பொதியிலேயே இருக்கட்டும்; 'பிக்மெண்டைஸ்' கட்டளை 'பைதான்3-பிக்மெண்ட்ஸ்' பொதிக்குள்தான் இருக்கிறது. எந்த மொழியில் எழுதப்பட்டது என்று அறியத் தேவையில்லாதவர்களும் அதைத் தேடி வருவார்கள் எனில், கட்டளையின் பெயரிலேயே தனிப் பொதி அமைத்து, அது நிரலகப் பொதியைச் சார்ந்திருக்கும்படி செய்யுங்கள். 'பிளேக்8', 'பைதான்3-பிளேக்8' ஆகியவை அவ்வாறு பிரிக்கப்பட்டவையே. பைதான் 2, 3 இரண்டுக்கும் பொதிகள் இருந்த காலத்தில், ஒரே கோப்பை இரு பொதிகள் நிறுவ முடியாது என்பதால் இப்பிரிவு ஏறக்குறையக் கட்டாயமாக இருந்தது. 2021இல் வெளியான டெபியன் 11இல் பைதான் 2 நிரலகங்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டதால், இன்று பழக்கத்தின் பேரில் மட்டும் பிரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

நிரலகப் பொதியின் பெயர், இறக்குமதி செய்யும் பெயரை ஒட்டியே அமைய வேண்டும். பைதான் நிரலகங்களைப் பகிரும் பைபிஐ தளத்தில் 'பையாமல்' எனப்படுவது டெபியனில் 'பைதான்3-யாமல்' ஆவது இதனால்தான்.

கேள்வி: ஒரே பொதியாக வெளியிட்டுவிட்டேன். இப்போது கட்டளையைப் பிரித்தால், மேம்படுத்தும்போது, பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி பிழை காட்டி நின்றுவிடுகிறது.

பதில்: பழைய நிரலகப் பொதிக்கு உரிய கோப்பைப் புதிய பொதி மேலெழுத முயல்வதால் இது நேர்கிறது. புதிய பொதியின் விவரத்தில், பிரிவுக்கு முந்தைய பதிப்புகளைக் குறித்து 'பிரேக்ஸ்' (அப்பதிப்புகளோடு சேர்ந்து இயங்காது), 'ரிப்ளேசஸ்' (அவற்றின் கோப்புகளை மேலெழுதலாம்) ஆகிய இரு புலங்களையும் சேர்க்க வேண்டும். 'ரிப்ளேசஸ்' மட்டும் இருந்தால், பழைய நிரலகப் பொதியை வைத்துக்கொண்டே புதியதை நிறுவிப் பின்பு அந்தப் புதியதை நீக்குபவர், கட்டளைக் கோப்பையே இழந்துவிடுவார். மேம்படுத்துபவரிடமிருந்து கட்டளை சத்தமின்றி மறையாதிருக்க, நிரலகப் பொதி புதிய பொதியை ஒரு வெளியீட்டுக் காலமாவது 'ரெகமெண்ட்ஸ்' புலத்தில் பரிந்துரைக்கட்டும்.

கேள்வி: கட்டளைக் கோப்பின் முதல் வரியில் 'என்வ்' (நிரலைத் தேடிக் கண்டு இயக்கும் கட்டளை) வழியாகப் பைதானை அழைப்பது தவறா?

பதில்: உங்கள் சொந்தக் கணினியில் தவறில்லை, பொதியில் தவிர்க்க வேண்டும். பயனர் மெய்நிகர் சூழல் (ஒரு திட்டத்துக்கெனத் தனியே வைக்கும் பைதான்) ஒன்றை இயக்கியிருந்தால் 'என்வ்' அந்தச் சூழலின் பைதானையே கண்டெடுக்கும். அதற்கு டெபியன் நிறுவிய நிரலகங்கள் இயல்பாகத் தெரியா. ஆகவே 'யுஎஸ்ஆர்' அடைவிலுள்ள பைதான் 3ஐ முழுப் பாதையுடன் குறிப்பிடுவதே முறை. பைதான் பொதிகளை உருவாக்க உதவும் 'டிஎச்-பைதான்' கருவி பொதுவாக இதைத் தானே திருத்திவிடும்.

கேள்வி: என் கட்டளையின் பெயரில் வேறொரு நிரல் ஏற்கெனவே டெபியனில் உள்ளது. இரு பொதிகளும் ஒன்றாக நிறுவப்படக் கூடாது என்னும் 'கான்ஃப்ளிக்ட்ஸ்' புலத்தை இட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வேறு வேறு வேலை செய்யும் இரு நிரல்கள் ஒரே பெயரைப் பகிர்வதை டெபியன் கொள்கை ஏற்பதில்லை. 'எஃப்டி' என்ற தேடல் கருவி டெபியனில் 'எஃப்டிஃபைண்ட்' என்ற பெயரில் கிடைப்பதும் இக்காரணத்தால்தான். புதிய பெயரை மூல ஆசிரியரிடமும் கலந்து முடிவு செய்து, கையேட்டுப் பக்கத்திலும் அதையே எழுதுங்கள்.