அழுவதற்கு 1,200 ரூபாயா?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சென்னையில் நல்ல வேலையில் இருந்தவள், ஆறு மாதத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டே கிடக்கிறாள். காதல், கடன் எதுவும் இல்லை, விசாரித்துவிட்டேன். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை, கவுன்சலிங் போங்கள் என்றார். வாரம் ஒரு நாள், தடவைக்கு 1,200 ரூபாய். ஒன்பது வாரம் ஆயிற்று. அந்தக் கவுன்சலர் ஒரு யோசனையும் சொல்வதில்லை. "நெஞ்சுல கல் மாதிரி இருக்கு" என்று இவள் சொன்னால், "கல் மாதிரி..." என்று அவரும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறாராம். ஆட்டோவில் வரும்போது என்ன பேசினாய் என்று கேட்டால், "அழுதேம்மா" என்கிறாள். அழுவதற்கு எதற்குக் காசு? வீட்டிலேயே அழலாமே? இவள் கோழையும் கிடையாது. 13 வயதில் இவள் அப்பா போனபோது, "தம்பி பயந்துடுவான், நீ அழக்கூடாது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இவள்தான் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். வேறு கவுன்சலரைப் பார்க்கலாமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கவுன்சலரை அப்புறம் பார்ப்போம் தங்கச்சி. முதலில் அந்தக் காப்பி.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் வந்திருக்கும். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளை மூடியைத் திருகித் திறந்து, பேப்பர் கப்பில் ஊற்றி, சிந்தாமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு போகிறாள். இதை நீங்கள் நற்சான்றிதழ் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

மாரடித்து, ஒப்பாரி வைத்து, தெருவே கேட்க அழுவதற்கு இடம் கொடுத்த ஊர் நம்முடையது. பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண்கூட வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அழ அனுமதி இல்லாத ஒரே ஆள் உங்கள் மகள்.

அந்தக் கவுன்சலர் செய்கிற வேலைக்குப் பெயர் 'பர்சன் சென்டர்டு தெரபி'யாகத்தான் இருக்க வேண்டும். யோசனை சொல்லாமல், வந்தவரை நடுவில் வைத்துக் கேட்கிற சிகிச்சை. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் ஆரம்பித்த வழி. அவர் பிறந்து வளர்ந்ததும் உங்கள் வீடு மாதிரிக் கட்டுப்பாடான வீடுதான். சீட்டாட்டம் கூடாது, நாடகம் கூடாது, சோடா குடிப்பதுகூட லேசான பாவம். அவர் கண்டது இது: குழந்தை அன்புக்காக எதையும் விட்டுக்கொடுக்கும். 'அழாமல் இருந்தால்தான் நீ நல்ல பெண்' என்றால் அழுகையை மட்டும் அது விழுங்குவதில்லை, தனக்குத் துக்கம் இருக்கிறது என்பதையே தன்னிடமிருந்து மறைத்துவிடும். வெளியே கெட்டிக்காரப் பெண், உள்ளே கல். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியைத்தான் அவர் மனவேதனை என்றார். மூளை கெட்டுவிட்டது, குணம் கெட்டுவிட்டது என்ற பேச்சே அதில் கிடையாது.

திருப்பிச் சொல்வதைக் கிண்டல் செய்கிறீர்கள். ரோஜர்ஸோடு சிகாகோவில் வேலை பார்த்த யூஜின் ஜெண்ட்லின், சிகிச்சைப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை உட்கார்ந்து கேட்டார். கோவையாக, தெளிவாகப் பேசிக்கொண்டே போனவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை. "இல்ல... அப்படி இல்ல... இங்க என்னவோ அடைக்குது" என்று நடுவில் நின்று தடுமாறியவர்கள்தான் தேறினார்கள். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். 'கல் மாதிரி' என்று அவர் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது, அது கல்தானா, வேறா என்று உங்கள் மகள் உள்ளே தடவிப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் யோசனை சொன்னால் கை எடுத்துவிடுவாள். கவுன்சலர் என்று போர்டு மாட்டிய எல்லாரையும் நான் நம்புகிறவள் இல்லை. இவர் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் தொழில் தெரிந்திருக்கிறது. மாற்றாதீர்கள்.

வீட்டிலேயே அழலாமே என்கிறீர்கள். எந்த வீட்டில்? ஆட்டோவில் ஏறியதும் கணக்குக் கேட்கிற அம்மா இருக்கும் வீட்டிலா? அந்தக் கேள்வியை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். 1,200 ரூபாய் பெரிய காசுதான், ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவருக்கு அதன் கனம் தெரியும். அதற்காக ரசீது மாதிரி அவள் கண்ணீரைக் கேட்டு வாங்காதீர்கள்.

நான் பழைய ஆள். குடும்பம் என்றால் கடமை உண்டு, மூத்த பிள்ளை தோள் கொடுக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் கொடுத்தாள். காரியம் முடிந்த பதினாறாம் நாளாவது "போதும்டி, இறக்கி வை" என்று சொல்லியிருக்க வேண்டியது பெற்றவள் கடமை. பதினொரு வருஷமாக நீங்கள் சொல்லவில்லை. தவறியது யார்?

ரோஜர்ஸ் எழுதியிருக்கிற ஒரு சம்பவம். ராச்செஸ்டர் நகரத்தில் குழந்தைகளுக்கான மையத்தில் இருந்தபோது, அடங்காத பையனுக்காக ஒரு தாய் வந்துகொண்டிருந்தாள். குறை தாயிடம்தான் என்று அவளுக்குப் புரியவைக்க இவர் வாரக்கணக்கில் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. முடித்துக்கொள்வோம் என்று கைகுலுக்கிவிட்டார்கள். வாசல்வரை போனவள் திரும்பி, "இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா?" என்று கேட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்து தன் கல்யாண வாழ்க்கையைக் கொட்டினாள். அதன் பிறகுதான் பையனும் தேறினான். (அவளுக்கு யோசனை சொல்லச் சொல்ல என்னைப் போலவே தோற்றிருக்கிறார் மனிதர், பாருங்கள்.) நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் உங்கள் கணவர் எப்படிப் போனார், நீங்கள் எப்போது அழுதீர்கள் என்று ஒரு வரி இல்லை. அடுத்த வாரம் அந்த வாசலில் நீங்களும் கேட்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். சாப்பாடும் தூக்கமும் அடியோடு நின்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி 'டெலி மானஸ்' எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அன்னைக்கு உன்னை நான் அழவிடல" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன், எதனால் என்று விளக்க வேண்டாம். கோபப்பட்டால் படட்டும். எழுந்து உள்ளே போய்விடாதீர்கள். தம்பி வீட்டில் இருந்தால் காப்பியை அவன் போடட்டும்.