சீரியலை ஏன் பார்க்கிறார்கள், எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி: டிஆர்பி அதிகம் என்றால் அந்தத் தொடர் மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. டிஆர்பியைக் கணக்கிடும் 'பார்க்' (BARC) அமைப்பு மாதிரிக்கு எடுத்த வீடுகளில் மட்டும்தான் மீட்டர் வைக்கிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு கலந்திருக்கும். மீட்டர் அதைப் படிக்கும். வீட்டில் ஆளுக்கொரு பட்டன் உண்டு. பார்க்க உட்காருபவர் அதை அழுத்த மறந்தால் கணக்கு பிசகும். சரியாக அழுத்தினாலும், யார் எவ்வளவு நேரம் டிவி முன்னால் இருந்தார் என்பது மட்டுமே தெரியும். திட்டிக்கொண்டே பார்த்தவரும் உருகிப் பார்த்தவரும் அங்கே ஒன்றுதான்.

கேள்வி: பிடிக்காததை ஏன் பார்க்க வேண்டும்?

பதில்: அமெரிக்கத் தொடரான 'டல்லாஸ்' பற்றி எழுதச் சொல்லி, நெதர்லாந்து ஆய்வாளர் இயன் ஆங் ஒரு பெண்கள் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். 42 பேர் எழுதினார்கள். கேலி செய்வதற்காகவே பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். ரசித்தவர்கள் பலர், "நிஜம் மாதிரி இருக்கிறது" என்றார்கள். டெக்சஸ் எண்ணெய் முதலாளியின் மாளிகை எப்படி நிஜமாகும்? அங்கே நடக்கும் சண்டையும் சந்தேகமும் பிரிவும் அவர்களுக்குத் தெரிந்தவை. இதை உணர்ச்சி சார்ந்த யதார்த்தம் என்றார் ஆங். 'லாஜிக்கே இல்லை' என்று நம் சீரியல்களை ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேள்வி: பார்ப்பவர் ஒரு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்வதில் மூன்று நிலைகள் உண்டு என்று பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்னாராமே, அவை எவை?

பதில்: அவர் இதை 1973இல் எழுதினார். தயாரிப்பாளர் வைத்த பொருளை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மாற்றுவது, எதிர்த்து வாசிப்பது. மாமியாருக்கு அடங்கும் மருமகளைப் பார்த்து, "பொறுமை வேண்டும்தான், ஆனால் இவ்வளவு கூடாது" என்பவர் இரண்டாம் நிலையில் இருக்கிறார். ஒருவரை ஒரே நிலையில் அடைத்துவிடாதீர்கள். காட்சிக்குக் காட்சி மாறுவார்.

கேள்வி: மக்கள் சீரியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை எம்.ஏ. ஆய்வுக்கு எப்படிக் கண்டறிவது? கேள்வித்தாள் கொடுத்தேன், எல்லோரும் 'பொழுதுபோக்கு' என்றே எழுதுகிறார்கள்.

பதில்: 'ஏன்' என்று நேராகக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். இஸ்ரேலில் தமார் லீப்ஸ், எலிஹு கட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு வழியில் போனார்கள். ஒரு தம்பதியின் வீட்டில், அவர்களுக்குப் பழக்கமான இன்னும் இரண்டு தம்பதிகளைச் சேர்த்து, 'டல்லாஸ்' எபிசோடைப் பார்க்கவைத்தார்கள். பிறகு, பார்க்காத ஒருவருக்குச் சொல்வதுபோல் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள். அரபு மக்களும் மொராக்கோ யூதர்களும் நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் தொடர் என்ன கருத்தைத் திணிக்கிறது என்று பேசினார்கள்.

நீங்களும் கதையையே கேளுங்கள். எதை விட்டார்கள், யாரை முதலில் சொன்னார்கள், எங்கே 'நம்ம வீட்டில்' என்று தாவினார்கள் என்று குறியுங்கள். மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவில் உட்காரவைக்க வேண்டாம். ஒருவர் பேசினால் மற்றவர் வாயைத் திறக்க மாட்டார்.