ஒரிகனுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைத் தேடிய கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய ஒரு பெண்ணின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணவர் அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான ஒரிகனைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோரில் ஒரு பாட்டி 1852இல் மாட்டு வண்டியில் அங்குள்ள வில்லாமெட் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார் என்பதற்கு மேல் வீட்டில் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. கல்லறையிலும் அவருடைய முதற்பெயரும் ‘இன்னாரின் மனைவி’ என்ற வரியும் மட்டுமே இருந்தன. அவர் யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பலரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயதுவாரியான கட்டங்களில் வெறும் எண்களாக நிற்பார்கள். அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் நீங்கலாக ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமும் பதிவானது 1850இல்தான். அதற்குள் மணமாகியிருந்த பெண் அங்கேயும் கணவரின் குடும்பப் பெயரோடுதான் இருப்பார். ஆகவே, ஒரிகன் பெண் என்றால், குடியேறியவர்களுக்கு அரசு நிலம் கொடுத்தபோது உருவான நிலக் கோப்பை முதலில் தேடுங்கள் என்பேன்.

1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டப்படி, அந்த ஆண்டு டிசம்பருக்குப் பிறகு வந்து குடியேறிய தம்பதிக்கு 320 ஏக்கர் கிடைத்தது; அதில் பாதி மனைவியின் சொந்த உரிமை. (அந்தப் பள்ளத்தாக்கு கலாபுயா என்ற பூர்வகுடி மக்களின் மண் என்பதையும், அவர்களோடு உடன்படிக்கை 1855இல்தான் உறுதியானது என்பதையும் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.) மனைவிக்கும் பங்கு இருந்ததால், திருமணம் எந்த நாளில், எங்கே நடந்தது என்பதைப் பிரமாணத்தோடு எழுதித் தர வேண்டியிருந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிமில், மை ஊறிப் பரவிய ஒரு தாளில், பாட்டியின் முதற்பெயரும் 1847 என்ற ஆண்டும் இல்லினாய் மாநிலத்தின் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) பெயரும் அடுத்தடுத்து இருந்ததைக் கண்டபோது என் கணவர் வெகுநேரம் பேசவில்லை.

அந்தக் கவுண்டியின் திருமணப் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்தது. 1850 கணக்கெடுப்பில் இளம் தம்பதியோடு அதே குடும்பப் பெயருள்ள பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். உறவுமுறையை எழுதும் வழக்கம் 1880இல்தான் வந்தது என்பதால், அவன் தம்பிதான் என்று நாங்கள் முடிவுகட்டவில்லை. அங்குள்ள நீதிமன்றத்தில் இருந்த, பாட்டியின் தந்தையின் சொத்துப் பங்கீட்டுக் கோப்புதான் அதை உறுதிசெய்தது: மகள்களைக் கணவர் பெயரோடும், வயதுக்கு வராத மகனைக் காப்பாளர் பெயரோடும் அது குறிப்பிட்டிருந்தது.

பிற்கால வாழ்க்கையைத் தேடும்போது ஒரு பெரிய இடைவெளி வரும். 1890 கணக்கெடுப்புத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் சேதமடைந்து, ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோயின. 1900 கணக்கெடுப்பில் (1910இலும்) அருமையான ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை குழந்தைகளுக்குத் தாய், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? 1900இல் பாட்டியின் வரியில் 11, 6 என்று எழுதியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் ஒன்பது. மற்ற இருவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.