பாடகரை விட்டு மற்ற மூவரையும் கேளுங்கள்

பாலக்காட்டு எல்லைப்புற வாசகர்களின் இசைக் கேள்விகளுக்கு விடையளிக்கும் இந்தப் பகுதிக்கு இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இசைத்தட்டைப் பற்றியவை. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உருவான ‘தி டோர்ஸ்’ என்ற ராக் இசைக்குழு, தன் பெயரையே தலைப்பாக வைத்து 1967 ஜனவரி 4 அன்று எலெக்ட்ரா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் இசைத்தட்டு அது. பதினொரு பாடல்கள், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஜிம் மாரிசன் பாட, ரே மான்சரெக் ஆர்கனும் பியானோவும், ராபி கிரீகர் கிட்டாரும், ஜான் டென்ஸ்மோர் டிரம்ஸும் வாசித்திருக்கிறார்கள். கடிதங்கள் சிலவற்றைச் சுருக்கி, விடைகளோடு கீழே தருகிறோம்.

கேள்வி: நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டில் கூடிப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்கிறோம். இந்தத் தட்டைக் கேட்டபோது எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. மாரிசனின் குரல்தான் இதன் உயிர் என்கிறார்கள் பாதிப் பேர். அவருடைய வாழ்க்கைக் கதையை நீக்கிவிட்டால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்கிறார்கள் மற்றவர்கள். தங்கள் கருத்து என்ன, ஐயா? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: இரு தரப்பினரும் மாரிசனையே நடுவில் வைத்துப் பேசுவதால்தான் வழக்கு தீரவில்லை. அவர் 1971 ஜூலை 3 அன்று பாரிஸ் நகரில் தம் 27ஆம் வயதில் இறந்தார். அதன் பிறகு அவரைச் சுற்றி எழுந்த கதைகள் பாடல்களைவிட உரத்து ஒலிக்கத் தொடங்கிவிட்டன. கய் வெப்ஸ்டர் எடுத்த அட்டைப்படத்திலேயே இந்தச் சாய்வு இருக்கிறது: மாரிசனின் முகம் மற்ற மூவரின் உருவங்களைவிடப் பன்மடங்கு பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஊசியைத் தட்டின்மேல் வைக்கும் முன்பே நம் கவனம் ஒருவர் பக்கம் போய்விடுகிறது.

ஆனால் இந்தத் தட்டு உருவான விதம் வேறு. மாரிசனும் மான்சரெக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் திரைப்படக் கலை பயின்றவர்கள்; 1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் மீண்டும் சந்தித்துக் குழு அமைக்கத் தீர்மானித்தார்கள். கிரீகரும் டென்ஸ்மோரும் மகரிஷி மகேஷ் யோகியின் தியான முறையைக் கற்பித்த வகுப்பின் வழியாக மான்சரெக்குக்கு அறிமுகமானவர்கள். 1966 கோடையில் ‘விஸ்கி எ கோ கோ’ என்ற அரங்கில் இந்த நால்வரும் இரவுதோறும் வாசித்து வந்தார்கள். எனவே அந்த ஆகஸ்ட் மாதத்தில் சன்செட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது, பாடல்கள் மேடையில் பலமுறை அடிபட்டு உருப்பெற்றிருந்தன. தயாரிப்பாளர் பால் ராத்சைல்டுக்கும் ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக்குக்கும் கிடைத்தவை ஒலிநாடாவில் ஒலியைத் தனித்தனியே பதிய உதவும் நான்கு தடங்கள் மட்டுமே. பின்னாளில் வந்த குழுக்களைப்போல ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து அடுக்குவதற்கு அதில் இடமில்லை. நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு சேர்ந்து வாசித்தாக வேண்டும். இந்தத் தட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த ஞாயிறன்று முதற்பாடலான ‘பிரேக் ஆன் த்ரூ’வின் தொடக்கத்தை மட்டும் சில முறை போட்டுக் கேளுங்கள். டென்ஸ்மோர் பிரேசில் நாட்டின் போசா நோவா தாளத்தை விரைவுபடுத்தித் தனியாகத் தொடங்குகிறார். அதன்மேல் மான்சரெக்கின் இடக்கை ஒரு கீழ்ச்சுர வரியைப் பற்றிக்கொள்கிறது. பிறகு கிரீகர் சேர்கிறார். மூவரும் தளம் அமைத்த பின்னரே குரல் வருகிறது. அந்தத் தளம் இல்லாமல் மாரிசன் அப்படிப் பாய்ந்து பாடியிருக்க முடியாது. அதே வேளையில், ‘தி கிரிஸ்டல் ஷிப்’ பாடலில் அவர் குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் நிதானமாகப் பாடும் விதத்தைக் கேட்டால், வாழ்க்கைக் கதை இல்லாமலும் அவர் நல்ல பாடகரே என்பதை உங்கள் எதிர்த்தரப்பு நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: நான் மிருதங்கம் பயிலும் மாணவன். இந்தக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவரே கிடையாது என்று படித்தேன். ஆனால் கீழ்ச்சுரங்கள் தெளிவாகக் கேட்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன? (வாசகர், கல்பாத்தி)

பதில்: பெரும்பாலும் மான்சரெக்கின் இடக்கையிலிருந்து வருகின்றன. அவர் வாக்ஸ் கான்டினென்டல் என்ற மின் ஆர்கனின் மேல், ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பாஸ் என்ற 32 கட்டைகள் மட்டுமே கொண்ட சிறிய கருவியை வைத்துக்கொண்டு, இடக்கையால் கீழ்ச்சுரங்களையும் வலக்கையால் ஆர்கனையும் ஒரே நேரத்தில் வாசித்தார். தாங்கள் மிருதங்கம் பயில்பவர் என்பதால் இது எளிதில் புரியும்: வலந்தலையில் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது தொப்பி (இடப்பக்க முகம்) தன் நடையை விடாமல் தாங்குவதைப் போன்ற வேலை அது. தொப்பியின் நாதத்துக்காகவே மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைக் கேட்டு வளர்ந்த ஊரில், ஓர் இடக்கையின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒலிப்பதிவில் அந்தக் கருவியின் நாதம் சற்று மழுங்கலாக இருந்ததால், ‘லைட் மை ஃபயர்’ உள்ளிட்ட சில பாடல்களில் லாரி நெக்டெல் என்ற கலைஞர் பாஸ் கிட்டாரால் அதே வரியை இரட்டித்து வாசித்திருக்கிறார். அட்டையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதே நியாயம்.

தங்கள் பயிற்சிக்கு உதவும் இன்னொன்றையும் சொல்கிறேன். இடக்கை பெரும்பாலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால், டென்ஸ்மோர் காலப்பிரமாணத்தை, அதாவது தாள வேகத்தை, காக்கும் சுமையிலிருந்து ஓரளவு விடுபடுகிறார். ஜாஸ் மேதை எல்வின் ஜோன்ஸை ஆதர்சமாகக் கொண்டவர் அவர். பாடகரின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வதுபோல் வாசிக்கிறார். கிரீகரும் ஸ்பெயின் நாட்டின் ஃபிளமெங்கோ கிட்டார் பயின்றவர். மீட்டுக்கட்டை இல்லாமல் விரல் நுனிகளால் மீட்டுவதால் அவருடைய கிட்டார் மற்றவர்களை மூடுவதில்லை. ‘லைட் மை ஃபயர்’ பாடலின் கிட்டார்த் தனி முடியும் தறுவாயில் ஆர்கனும் கிட்டாரும் சேர்ந்து, நான்கின் மேல் மும்மூன்றாக விழும் ஒரு பகுதி வருகிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள். தொடக்க இசைக்குத் திரும்பும் இடம் மிருதங்கத்தில் வாசிப்பை முடித்துவைக்கும் ஒரு நல்ல தீர்மானத்தைப் போலவே வந்து விழும்.

கேள்வி: ‘லைட் மை ஃபயர்’ பாடலுடன் சேர்ந்து ஆர்மோனியம் வாசிக்க முயன்றேன். ஆறு கட்டைச் சுருதியிலும் சேரவில்லை, ஐந்தரைக் கட்டையிலும் சேரவில்லை. கருவியைச் சரிபார்க்கக் கொடுத்தேன். சுருதி சரியாகவே இருக்கிறது என்றார்கள். குறை எங்கே இருக்கிறது? (வாசகர், சித்தூர்)

பதில்: குறை தங்கள் ஆர்மோனியத்திலும் இல்லை, காதிலும் இல்லை, இசைத்தட்டில்தான் இருக்கிறது. நீளத்தட்டுக்கான (எல்.பி.) பதிப்பில் இந்தப் பாடல் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் மெதுவான வேகத்தில் பதிவாகிவிட்டது. நாடா மெதுவாக ஓடினால் காலப்பிரமாணம் மட்டுமன்றிச் சுருதியும் சேர்ந்தே இறங்கும். சுருதி அரைக் கட்டை இறங்க வேண்டுமானால் வேகம் ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைய வேண்டும். மூன்றரை சதவீதம் என்பது அதில் பாதிக்குச் சற்று மேல். எனவே ஆறு கட்டையில் வாசிக்கப்பட்ட பாடல், தாங்கள் கண்டதைப் போலவே, ஆறுக்கும் ஐந்தரைக்கும் இடையில் எங்கும் சேராமல் நின்றுவிட்டது. ஏழு நிமிடப் பாடல் இதனால் ஏறத்தாழ கால் நிமிடம் நீண்டும்விட்டது.

இது நெடுங்காலம் சரிசெய்யப்படாமலேயே இருந்தது. மேடை நிகழ்ச்சிப் பதிவுகளிலும் அச்சிட்ட இசைக்குறிப்பிலும் பாடல் ஆறு கட்டையில் இருக்க, தட்டில் மட்டும் இறங்கி ஒலிப்பதை அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பாட்னிக்கின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2006ஆம் ஆண்டு, பதிந்த ஒலிகளை மீண்டும் கலந்து வெளியிட்ட புதிய கலவையில் பாட்னிக் வேகத்தைத் திருத்தினார். அதற்கு முன்பு சரியான வேகத்தில் வந்தது, வானொலிக்காகச் சுருக்கி 45 சுழற்சித் தட்டாக வெளியிட்ட பதிப்பு மட்டுமே. 1967 ஜூலை இறுதியிலிருந்து அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது அந்தச் சிறு பதிப்புதான். ஆனால் அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஆர்கன், கிட்டார் தனிகளை ஏறக்குறைய முழுமையாக வெட்டிவிட்டார்கள். ஆகவே தாங்கள் சேர்ந்து வாசிக்க வேண்டியது 2006ஆம் ஆண்டின் கலவையை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை வாசித்துப் பாருங்கள். ஏ மைனர், பி மைனர் என்ற இரண்டே கார்டுகள் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பவை) மாறிமாறி வர, அவற்றின்மேல் முதலில் மான்சரெக்கும் பிறகு கிரீகரும் மனோதர்மமாக விரித்துச் செல்கிறார்கள். ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ஒரு நாடகப் பாடலை எடுத்து இரண்டு கார்டுகளின் மேல் நீண்ட நேரம் விரித்த முறையே தங்களுக்கு முன்மாதிரி என்று குழுவினர் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். பாடலின் மெட்டும் பெரும்பகுதிச் சொற்களும் கிரீகருடையவை. இரண்டாம் சரணம் மாரிசனுடையது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை நினைவூட்டும் தொடக்கம் மான்சரெக்குடையது. அட்டையிலோ இயற்றியவர் என்ற இடத்தில் குழுவின் பெயரையே போட்டார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: பதினொரு பாடல்களும் அவர்களே இயற்றியவையா? (வாசகர், வேலந்தாவளம்)

பதில்: இரண்டு பாடல்கள் மட்டும் அவர்களுடையவை அல்ல. ‘அலபாமா சாங்’ ஜெர்மனியில் 1920களில் பிறந்த மேடைப் பாடல். பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்துக்கு கூர்ட் வைல் இசையமைத்தது. அதில் கணகணவென்று கேட்பது மார்க்ஸோஃபோன் என்ற சிறு சுத்தியல்கள் தந்தியை அடிக்கும் கருவி. ‘பேக் டோர் மேன்’ வில்லி டிக்சன் இயற்றி, ஹவுலின் வுல்ஃப் பாடிய புளூஸ் பாடல். வுல்ஃப் பாடியதை ஒருமுறை தேடிக் கேளுங்கள். அதன் கனத்தை டோர்ஸ் எட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கடைசிப் பாடலான ‘தி எண்ட்’ இந்திய ராகத்தில் அமைந்தது என்று என் மகன் சொல்கிறான். கர்நாடக இசையைக் கேட்டே வளர்ந்த எனக்கு எந்த ராகமும் பிடிபடவில்லை. மேலும் அந்தப் பாட்டில் தகாத பேச்சு இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். வீட்டில் பிள்ளைகள் கேட்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோபாலபுரம்)

பதில்: தங்கள் காது சொல்வதே சரி, அம்மா. அதில் ஆரோகண அவரோகணம், சஞ்சாரம் என்று சொல்லத்தக்க ராகக் கட்டமைப்பு இல்லை. ஆனால் மகன் சொல்வதற்கும் அடிப்படை உண்டு. ரவிசங்கரின் சிதார் இசையில் ஈடுபாடு கொண்டிருந்த கிரீகர், இந்தப் பாடலுக்காகக் கிட்டாரின் தந்திகளை வேறு விதமாகச் சுருதி சேர்த்து, திறந்த தந்திகள் ஆதார சுருதியைப்போல் ஓயாமல் ஒலிக்க, அதன்மேல் நெளிவோடு கூடிய வரிகளை மீட்டியிருக்கிறார். ராகத்தின் இலக்கணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவசரப்படாமல் ஒரே சுருதியில் நின்று, மெல்ல மெல்ல வேகம் கூட்டிச் செல்லும் போக்கை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்கள் நீளும் பாடலில், டென்ஸ்மோர் நெடுநேரம் மௌனமாக இருந்து, சட்டென்று ஓர் அடி கொடுத்து மீண்டும் அடங்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டு முறை முழுவதுமாக வாசித்துப் பதிந்து, அவற்றை ஓரிடத்தில் வெட்டி இணைத்ததே நாம் கேட்பது.

இரண்டாவது கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். பாடலின் பிற்பகுதியில் மாரிசன் பேசும் பேச்சு, தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்க மன்னன் ஈடிபஸின் கதையைத் தழுவியது. அதை மேடையில் பச்சையாகச் சொன்னதற்காகவே ‘விஸ்கி எ கோ கோ’ அரங்கிலிருந்து குழுவை நீக்கிவிட்டார்கள். தட்டில் கடுஞ்சொல் அமுங்கி ஒலிக்கிறது என்றாலும் பொருள் மாறவில்லை. பின்னாளில் 1979ஆம் ஆண்டு வெளியான ‘அபோகலிப்ஸ் நவ்’ என்ற போர்த் திரைப்படத்தின் தொடக்கத்தில் இந்தப் பாடலின் முற்பகுதியைப் பயன்படுத்தியதால் உலகெங்கும் பரவியது. சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். மற்றப் பாடல்களைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டலாம். கல்லூரி செல்லும் வயதுள்ள மகன் என்றால், அவனோடு உட்கார்ந்து ஒருமுறை முழுவதும் கேளுங்கள். ஆதார சுருதியைப் பற்றித் தாங்கள் அவனுக்குச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது.

கேள்வி: இப்போது வாங்குவதானால் எந்தப் பதிப்பை வாங்கலாம்? (வாசகர், பாலக்காடு)

பதில்: ஒன்று மட்டும் வாங்குவதானால், 2017ஆம் ஆண்டு வெளியான ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பைப் பரிந்துரைப்பேன். ஸ்டீரியோ, மோனோ ஆகிய இரு பதிப்புகளும் அதில் உண்டு. ஸ்டீரியோவில் கருவிகள் இரு பக்கமும் விலகி நிற்கின்றன. மோனோவில் நால்வரும் ஓரிடத்தில் நெருங்கி நின்று வாசிப்பதாகக் கேட்கிறது. எனக்குப் பிடித்தது மோனோ. அத்துடன் 1967 மார்ச் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ‘மேட்ரிக்ஸ்’ என்ற சிறிய அரங்கில், ‘லைட் மை ஃபயர்’ பட்டியலில் ஏறிப் புகழ் வருவதற்கு முன்பு, இத்தட்டின் பாடல்கள் பலவற்றை அவர்கள் வாசித்த பதிவும் இணைக்கப்பட்டிருக்கிறது. கொழிஞ்சாம்பாறை நண்பர்களும் அதைத் தேடிக் கேட்டால், ஒலிப்பதிவுக் கூடத்தின் உதவி எதுவுமின்றி மான்சரெக்கின் இடக்கை எவ்வளவு தாங்கியது என்பதை நேரடியாகவே அறிந்துகொள்ளலாம்.