வாகன இரைச்சல் இல்லாத மலைச்சாலைகள்: வாசகர் கேள்வி–பதில்

மலைக் கிராமப்புறங்களில் சைக்கிளில் பயணம் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: மலைப்பகுதி என்றால் அமைதியாக இருக்கும் என்று நம்பிச் சைக்கிளில் சென்றேன். ஆனால் லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் இடைவிடாமல் உரசுவதுபோல் கடந்து சென்றன. வாகனங்கள் அதிகம் வராத சாலைகளை முன்கூட்டியே கண்டறிய வழி உண்டா?

பதில்: உண்டு. மலைநாட்டில் சாலைகளே குறைவு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இரண்டு பள்ளத்தாக்குகளை இணைப்பது ஒரே ஒரு சாலை என்றால், அது எவ்வளவு ஒதுக்குப்புறமான கிராமங்களின் வழியாகச் சென்றாலும், சுற்றுவட்டாரத்துப் போக்குவரத்து முழுவதும் அதன் தலையில்தான் வந்து விழும். எனவே ஊரின் தொலைவைப் பார்த்துச் சாலையைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஒரு சாலையில் வாகனங்கள் வராமல் இருப்பதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருக்க வேண்டும். வரைபடத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

மிக நல்ல காரணம், பக்கத்திலேயே வேறொரு புதிய சாலையோ சுரங்கப்பாதையோ திறக்கப்பட்டிருப்பது. அது திறந்தவுடன் அவசரமாகப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அங்கே மாறிவிடுவார்கள். மலையைச் சுற்றி ஏறும் பழைய சாலை அப்படியே மிஞ்சிவிடும். சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு கணவாயில், தெற்குச் சரிவில் உள்ள டிரெமோலா சாலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கருங்கல் பாவிய அந்தப் பழைய சாலை 24 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறுகிறது. பின்னாளில் கணவாய்க்கு அகலமான புதிய சாலை வந்தது. 1980-இல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலையும் திறக்கப்பட்டது. கனரக வாகனங்கள் மலைக்கு அடியில் போய்விட, இன்று டிரெமோலாவின் கற்கள் சைக்கிளில் செல்வோருக்குப் பிரியமான பாதையாகிவிட்டன.

வரைபடத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. தடித்த கோடாக வரும் நெடுஞ்சாலை ஓரிடத்தில் புள்ளிக்கோடாக மாறினால் அங்கே சுரங்கம் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேலே மெல்லிய கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஏறுகிறதா என்று பாருங்கள். ஆற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையை நேராக்கிய இடங்களில், வளைவுதோறும் பழைய சாலையின் துண்டுகள் வில்போல் ஒதுங்கி நிற்பதையும் காணலாம். ஆனால் அந்தப் பழைய சாலை இன்றும் திறந்திருக்கிறதா, மண்சரிவிலோ பாலம் உடைந்தோ அறுந்துபோயிருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன் அப்பகுதியினரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம். இத்தகைய சாலையின் நடுவில் புல் முளைத்திருக்கும். மலைப்பக்க ஓரத்தில் உதிர்ந்த சரளையும் ஈர இலைகளும் படிந்து கிடக்கும். தார் வெடித்த இடங்களில் முன்சக்கரம் இறங்கிவிடும் அகலத்துக்கு நீளவாக்கில் பிளவுகள் இருக்கும். அங்கே பார்வை எப்போதும் சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

அடுத்தது, கைவிடப்பட்ட இரயில் தடங்கள். இரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அந்தக் காலப் பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளங்களுக்குப் பாலம் கட்டியும் சரிவைத் தணித்து வைத்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று நம் கால்களுக்குக் கிடைக்கிறது. ஸ்பெயின் 1993 முதல் தன் பழைய இரயில் தடங்களை 'பசுமை வழிகள்' என்ற பெயரில் நடைபயணிகளுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் திறந்துவருகிறது. அவற்றுள் அண்டலூசியாவின் மலைகளில் ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செரானோவுக்கும் இடையே 36 கிலோமீட்டர் செல்லும் தடத்தில் 30 சுரங்கங்களும் 4 உயர்ந்த பாலங்களும் உள்ளன. தண்டவாளத்துக்காகக் கட்டப்பட்டும் ஒரு இரயில்கூட ஓடாத தடம் அது. வழியில் உள்ள பெரும்பாறை ஒன்றில் பிணந்தின்னிக் கழுகுக் கூட்டம் வாழ்கிறது. மோட்டார் சத்தம் இல்லாததால் நின்று நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990-இல் மூடப்பட்ட இரயில் பாதை, 2000-இல் 152 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாக மறுபிறவி எடுத்தது. மலைப் பயணத்துக்குப் புதியவர்களும் குழந்தைகளுடன் செல்பவர்களும் இத்தகைய தடங்களில் தொடங்குவதே நல்லது. சுரங்கங்களுக்காக நல்ல விளக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கடைசி ஊரோடு முடிந்துபோகும் முட்டுச்சாலைகளையும் நான் பரிந்துரைப்பேன். போன வழியே திரும்ப வேண்டுமே என்று பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். கடந்து செல்லும் வாகனம் இல்லாததற்கு அதுதான் காரணம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறும்போது பார்த்த மலையும் இறங்கும்போது பார்க்கும் மலையும் ஒன்றாக இருப்பதும் இல்லை. காட்டுத்துறைச் சாலைகளும் அணை, கால்வாய்ப் பராமரிப்புச் சாலைகளும்கூட அமைதியானவை. ஆனால் அனுமதி உண்டா என்பதை உறுதிசெய்யாமல் நுழையக் கூடாது.

கேள்வி: ஏற்றங்களில் முழங்கால் வலிக்கிறது, பாதியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு உடற்பயிற்சி போதவில்லையா, சைக்கிளில் குறையா?

பதில்: பெரும்பாலும் கியரில்தான் குறை இருக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் எடை, சைக்கிள், பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பந்தய வீரர் அல்லாத, உடல்நலமுள்ள ஒருவர் நீண்ட நேரம் களைக்காமல் தரக்கூடிய ஆற்றலை ஏறத்தாழ 100 வாட் எனலாம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அந்த ஆற்றலைக் கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில்தான் போக முடியும். முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றும் செயின்வீலில் 34 பற்களும் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், இந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 34 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் பலமாக அழுத்த வேண்டிவரும். அந்தச் சுமை முழங்காலில்தான் போய் உட்காரும். அதே சைக்கிளில் முன்னால் 22 பற்கள் கொண்ட சிறிய செயின்வீல் இருந்தால், அதே வேகத்தில் 50 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். வலிமை கூடவில்லை, வேகமும் கூடவில்லை. ஆனால் முழங்கால் தப்பிக்கிறது. கடையில் வாங்கும்போது முன்பக்கச் சிறிய சக்கரத்தின் பற்களைவிடப் பின்பக்கப் பெரிய சக்கரத்தின் பற்கள் கணிசமாக அதிகமாக உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இலகுவான கியர் பலவீனர்களுக்கானது என்ற எண்ணம் பழையது. பிரான்சில் பல கியர் சைக்கிளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய போல் தெ விவி (1853–1930) சந்தித்த எதிர்ப்பும் இதுதான். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்திலேயே ஓடும்போது மாற்றக்கூடிய கியர்கள் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டன. சீட்டின் உயரத்தையும் சரிபாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் திட்டமிடலாம்?

பதில்: கிலோமீட்டரை மறந்துவிட்டு உயரத்தைக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி, சுமையுடன் 1,000 மீட்டர் உயரம் ஏற, ஓய்வைச் சேர்க்காமல் ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். தொடங்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வழியில் இறங்கி இறங்கி ஏறும் ஏற்றங்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் கணக்கு. முதல் நாட்களில் 700, 800 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பெரிய ஏற்றத்தை எப்போதும் காலையில் வையுங்கள். வெயில் ஏற ஏற மலைமேல் மேகம் திரண்டு பிற்பகலில் இடிமழையாக இறங்குவது பல மலைப்பகுதிகளில் அன்றாட நிகழ்ச்சி. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கினால் சில நிமிடங்களிலேயே விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும்; காற்றுத் தடுப்புச் சட்டையை உச்சியிலேயே அணிந்துகொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: இறக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்குகிறேன். சரியா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, பிடிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். 100 கிலோ எடை 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. மெதுவாக, பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு, பிரேக் கட்டை பிடிக்கும் ரிம்மிலோ (சக்கர விளிம்பு) டிஸ்க்கிலோதான் (சக்கர மையத்துத் தட்டு) சேரும். ரிம் அளவுக்கு மீறிச் சூடானால் டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் பளபளத்துப்போய்ப் பிடிமானம் குறையும், எண்ணெய்ப் பிரேக்காக இருந்தால் எண்ணெய் கொதித்து லீவர் தொளதொளத்துவிடும்.

நேரான பகுதியில் சைக்கிளை உங்களுக்கு அச்சமில்லாத வேகம் வரை ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் முழுவதுமாக விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில் காற்று அவற்றைக் குளிர்விக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு, அதுவும் சரளை கிடக்கும் இடத்தில், அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். விட்டு விட்டுப் பிடிக்க முடியாத அளவுக்குச் சரிவு செங்குத்தாக இருந்தால், அவ்வப்போது ஓரமாக நின்று ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது வளைந்துவிடும். பயணத்துக்கு முன் பிரேக் கட்டைகளின் தடிமனைப் பாருங்கள். தேய்ந்தவற்றை வீட்டிலேயே மாற்றிவிட்டு, ஒரு சோடியைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மின்சார சைக்கிளில் செல்வது இப்பயணத்தின் இயல்பைக் கெடுத்துவிடுமா?

பதில்: கெடுக்காது. அது சத்தமோ புகையோ எழுப்புவதில்லை. வயதானவர்களும், வேகம் ஒத்துப்போகாத இருவரும் சேர்ந்து மலையேற அது வழிசெய்கிறது. பேட்டரியின் அளவை மட்டும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கனமான மின்சார சைக்கிளோடு சேர்த்து 110 கிலோவை 1,000 மீட்டர் தூக்கவே 300 வாட்-மணி (பேட்டரியின் ஆற்றலை அளக்கும் அலகு) தேவை. மோட்டாரில் வீணாவது தனி. 500 வாட்-மணி பேட்டரியை வைத்துக்கொண்டு முழுப் பளுவையும் மோட்டாரிடம் விட்டால், இரண்டாவது பெரிய ஏற்றத்தின் பாதியில் கனமான சைக்கிளை நீங்கள்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் தனியாகச் செல்வது பாதுகாப்பானதா?

பதில்: ஆயத்தமாகச் சென்றால் செல்லலாம். எந்த வழியாகச் செல்கிறீர்கள், எந்த நேரத்துக்குள் சேர்வீர்கள், சேராவிட்டால் எப்போது தேடத் தொடங்க வேண்டும் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மலை மடிப்புகளுக்குள் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தாள் வரைபடமும் ஒன்று இருக்கட்டும். பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மாற்று டியூப், பம்பு, செயின் இணைப்பு, காயத்துக்குக் கட்டுத்துணி, ஒருநாள் இரவைக் கழிக்கப் போதுமான கதகதப்பான உடை ஆகியவை பையில் இல்லாமல் கடைசி ஊரைத் தாண்டாதீர்கள். தண்ணீரை அந்த ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.