எதிர்ச்சொல்லா, எதிர்மறையா, முரணா?

வணக்கம். 'கொடுத்தான்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக உங்கள் மகள் 'கொடுக்கவில்லை' என்று எழுத, ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் செய்தது சரிதான். ஆனால் காரணத்தையும் குழந்தைக்குச் சொல்லியிருக்கலாம்.

'கொடுக்கவில்லை' என்பது எதிர்மறை. அந்தச் செயல் நடக்கவில்லை என்பதோடு நின்றுவிடும். எதிர்ச்சொல்லோ எதிர்ப்புறத்தில் இருக்கும் இன்னொரு பொருளைக் காட்ட வேண்டும்: கொடுத்தான் × வாங்கினான். 'தண்ணீர் சூடாக இல்லை' என்றால் அது குளிர்ந்திருக்கிறது என்று ஆகிவிடாது, வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். மகளுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படித் தனி எதிர்ச்சொல் கிடைக்காது. 'ஆர்வம் × ஆர்வமின்மை' போன்ற இடங்களில் எதிர்மறை வடிவமே எதிர்ச்சொல்லாக நிற்கும். பிள்ளைகள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

'முரண்' இன்னும் அகலமான சொல். பழைய இலக்கியத்தில் பகை, வலிமை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. இன்று ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்கிறோம், அடம்பிடிப்பதை முரண்டு என்கிறோம். செய்யுளில் எதிரெதிரான சொற்கள் இணைந்து அமைந்தால் அது முரண்தொடை. 629ஆம் குறளின் முதலடி 'இன்பத்துள்' என்று தொடங்க, அடுத்த அடி 'துன்பம்' என்று தொடங்குகிறது பாருங்கள், அடிகளின் தொடக்கச் சொற்கள் இப்படி முரண்படுவது அடிமுரண். தேர்வில் 'முரண்தொடையை எடுத்தெழுதுக' என்று கேட்டால் அந்த இரண்டு சொற்களையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.