பேரணி முடிந்த மறுநாள் மருந்துக்கடையில் என்ன நடக்கிறது?

கேள்வி: சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தேசியப் பசுமைப் படையின் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். அழிந்துவரும் பாறு கழுகுகளைக் காக்க வேண்டும் என்று சென்ற செப்டம்பரில் பேரணி நடத்தினோம். ஓவியப் போட்டி வைத்தோம். ஆயிரம் துண்டறிக்கைகள் அச்சிட்டுக் கொடுத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ஊரில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இந்த ஆண்டும் சிறு தொகை கையில் இருக்கிறது. எப்படிச் செலவிட்டால் அது உண்மையில் பறவைக்குப் பயன்படும்?

பதில்: பாராட்டு கிடைத்தது, மாற்றம் கிடைக்கவில்லை என்பதை நீங்களே கண்டுகொண்டீர்கள், பல அமைப்புகள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. விழிப்புணர்வுப் பணியைத் திட்டமிடும்போது எத்தனை பேரிடம் செய்தி போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்பாக, எவர் கை எதைச் செய்வதால் இந்தப் பறவை சாகிறது, அந்தக் கை அதற்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாறுகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

1990களின் தொடக்கத்தில் இந்தியாவெங்கும் கூட்டம் கூட்டமாகத் திரிந்த வெண்முதுகுப் பாறு, 2007இல் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. காரணம் என்னவென்று பல ஆண்டுகள் புரியவில்லை. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவுதான் முடிச்சை அவிழ்த்தது: மாட்டுக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் போடப்பட்ட டைக்ளோஃபினாக், மாடு செத்த பிறகும் அதன் இறைச்சியில் தங்கியிருக்கிறது, அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளைப் பூச்சாகப் படிந்து, சில நாட்களில் பறவை இறந்துபோகிறது. அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு கணக்கீட்டைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பாறுகளுக்கு எட்டும் சடலங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே, கண்ணெதிரே நடந்த அந்தப் பெரும் வீழ்ச்சிக்கு அது போதும் என்று அது காட்டியது. ஒரே சடலத்தில் பல பத்துப் பாறுகள் ஒன்றாக இறங்கித் தின்னும் என்பதே இதற்குக் காரணம்.

இந்தக் கணக்கைப் பரப்புரைக்குப் பொருத்திப் பாருங்கள். ஊரில் நூறு மாட்டுக்காரர்கள் இருந்து, உங்கள் பேரணியைப் பார்த்துத் தொண்ணூறு பேர் மனம் மாறினால், வேறு எந்தப் பொருளிலும் அது மாபெரும் வெற்றி. பாறு விஷயத்தில் அது போதாது. ஆகவே நூறு வீடுகளுக்கும் துண்டறிக்கை கொடுப்பதைவிட, அந்த நூறு வீடுகளும் மருந்து வாங்கும் மூன்று நான்கு கடைகளிலும், மாட்டுக்கு ஊசி போட வருகிற நான்கைந்து பேரிடமும் உழைப்பைச் செலுத்துவதே சரி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்கு வாங்கிப் போவது தொடர்ந்ததால், 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. பாறுகளுக்குக் கேடான வேறு வலி மருந்துகளில், 2023இல் கீட்டோபுரோஃபெனும், மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிற அசிக்ளோஃபினாக்கும், 2024 டிசம்பர் இறுதியில் நிமசுலைடும் கால்நடைப் பயன்பாட்டில் தடைக்குள் வந்தன. ஆனால் முதல் தடைக்குப் பிறகும், 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளில் மாட்டுக்கு மருந்து கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. அரசிதழில் வந்த செய்தி கடையின் மரப்பலகை வரை வந்து சேரவில்லை.

நீங்களே ஒரு சந்தை நாளில் மருந்துக்கடை ஓரமாக அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒருவர் வருவார்: "மாடு காச்சலுல படுத்துக்கிச்சுங்க, ரெண்டு நாளா தீனி திங்கலைங்க, ஊசி ஒண்ணு குடுங்க." கடைப்பையன் திரும்பிப் பார்க்காமலேயே, கைக்குப் பழகிய தட்டிலிருந்து குப்பிகளை எடுத்து வைப்பான். 3 மில்லிக் குப்பியில் இருப்பது 75 மில்லிகிராம் மருந்து. அது மனிதனுக்கான அளவு. முந்நூறு கிலோ மாட்டுக்கு அப்படி நான்கைந்து குப்பிகளாவது வேண்டும். ஒருவர் ஒரே ஊசிக்காக நான்கு குப்பிகள் கேட்டால் அது எதற்கு என்பது கடைக்காரருக்குத் தெரியாமல் போகாது. அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்; அதைச் சொல்ல வைப்பதுதான் உங்கள் பரப்புரையின் வேலை.

என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. "பாறுகளைக் காப்போம்" என்பது வாசகம். அதைக் கேட்டவர் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "மாட்டுக்கு ஊசி போடுகையில் மெலோக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்" என்பதில் அது இருக்கிறது. மெலோக்சிகாம் பாறுகளுக்குக் கேடு செய்யாது என்பது 2006இலேயே சோதித்து அறியப்பட்டது; டோல்ஃபெனாமிக் அமிலமும் அவ்வாறே பின்னர் உறுதியானது. மாட்டின் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் இவை நன்றாகவே வேலை செய்கின்றன என்பதைக் கால்நடை மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மாட்டுக்காரரின் கவலை மாடு எழுந்து நிற்குமா என்பதே. அந்தக் கவலையைத் தாண்டிப் பறவையைப் பற்றிப் பேசினால் அவர் காதில் ஏறாது. கடைக்குப் போவதற்குப் பதிலாக 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்வதற்கு ஏற்ற இடம் பேருந்து நிறுத்தம் அல்ல, பால் கூட்டுறவுச் சங்கம். காலையிலும் மாலையிலும் மாடு வைத்திருப்பவர்கள் பால் கேனோடு வரிசையில் நிற்கும் இடம் அது; அளவை முடியும்வரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை. கையிலுள்ள தொகையில் துண்டறிக்கை அச்சிடுவதை நிறுத்திவிட்டு, மழைக்குத் தாங்கும் தகரப் பலகை ஒன்றை அங்கே மாட்டுங்கள். போடக் கூடாத மருந்துகளின் பெயர்கள் ஒரு பக்கம், போடத்தக்க இரண்டின் பெயர்கள் மறு பக்கம், கீழே 1962, வேறெதுவும் வேண்டாம். எழுதப் போகும் பட்டியலைப் பலகை அடிப்பதற்கு முன் உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஏனெனில் தடைப் பட்டியல் அவ்வப்போது நீள்கிறது.

படம் வைப்பதானால் ஒரு வேண்டுகோள். பாறு தினச் சுவரொட்டிகளில் அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு கம்பீரமாகப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இணையத்தில் "கழுகு" என்று தேடியதன் விளைவு. தமிழ்நாட்டில் உள்ள வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கில் உங்கள் வானில் தென்படுவது எதுவோ அதன் படத்தையே வையுங்கள். பெயரும் முக்கியம். "பிணந்தின்னி" என்று அழைத்துக்கொண்டே அன்பு காட்டச் சொல்வது நடவாத காரியம். திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக உச்சிவேளையில் அர்ச்சகர் கையால் உணவு உண்டுபோன அந்த இரண்டு பறவைகளும் மஞ்சள்முகப் பாறுகளே என்று சொன்னால், கேட்பவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்பறவையை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டு வரும் வேலையை மாணவர்களுக்குக் கொடுங்கள். ஓவியப் போட்டியைவிட அது பயனுள்ளது.

பெயர் மாற்றம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்குக் குஜராத்தின் திமிங்கலச் சுறா நல்ல சான்று. அந்த மீனைப் பிடிக்கப் பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டதால் மீனவர்கள் அதைப் "பேரல்" என்றே அழைத்தார்கள். 2001இல் அது சட்டப் பாதுகாப்பு பெற்றது. 2004இல் தொடங்கிய பரப்புரையில், கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு அதைப் பிரசவத்துக்குப் பிறந்தகம் வரும் மகளாக உருவகித்துப் பேசினார். "வ்ஹாலி", அதாவது பிரியமானவள், என்ற பெயர் நிலைத்தது. எல்லோரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு, அந்த வலைக்கான இழப்பீட்டைக் குஜராத் வனத்துறை கொடுத்தது. மகள் என்று உருகுகிறவருக்கும் வலையின் விலை தெரியும் அல்லவா?

உங்கள் பகுதியில் இதற்கு நிகரானது, புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டுக்கான இழப்பீடு. இழப்பீடு தாமதமாகும்போது ஆத்திரத்தில் சிலர் சடலத்தில் நஞ்சு வைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியில் எமரால்டு அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்ததற்கு அப்படி நஞ்சிட்ட மாட்டுச் சடலமே காரணம். அதே சடலத்தில் பாறுக் கூட்டம் இறங்கினால் ஒரே நாளில் ஒரு பள்ளத்தாக்கின் பறவைகள் தீர்ந்துபோகும். எனவே இழப்பீட்டு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, யாரிடம் கொடுப்பது, என்னென்ன இணைப்பது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்து, பிள்ளைகள் மூலம் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். நஞ்சு வைப்பது குற்றம் என்று மிரட்டுவதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. பாறுக்கு இரை வேண்டும் என்பதற்காக, செத்த மாட்டைப் புதைக்காமல் வெளியே போடுங்கள் என்று பள்ளியின் பெயரில் சொல்லிவிடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்த மாடாக இருந்தால் அது மனிதருக்கே ஆபத்து. எந்தச் சடலத்தை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் கால்நடை மருத்துவரும் வனத்துறையும். இரண்டாவது, மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் உள்ள கூடுகளைப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகாதீர்கள். கூட்டின் படத்தையோ இடத்தையோ வாட்ஸ்அப்பில் பகிரவும் வேண்டாம். அங்கே கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. இனப்பெருக்கத்துக்கு வர ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கூடு கலைந்தால் ஓர் இணைக்கு ஓராண்டு போயிற்று.

இதே காரணத்தால், பறவைகளின் எண்ணிக்கையைக் கொண்டு உங்கள் முயற்சியை அளக்க முடியாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாயின. மகிழ்ச்சிதான், ஆனால் பத்து மாதங்களில் பாறுகள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. பார்த்த இடங்களும் பார்க்கக் கிடைத்த பறவைகளும் மாறியிருக்கலாம். நீங்கள் அளக்க வேண்டியது கடையை. பரப்புரை தொடங்கும் முன், ஊரில் மாடு வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரை, மாணவரை அல்ல, ஒவ்வொரு கடைக்கும் அனுப்பி, காய்ச்சல் கண்ட மாட்டுக்கு ஊசி வேண்டும் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எந்த மருந்தை எடுத்து வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம். அவர்களைக் காட்டிக் கொடுப்பது உங்கள் வேலை அல்ல, மேலும் பகைத்துக்கொண்டால் அடுத்த முறை உண்மை தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே கேள்வியோடு வேறொருவரை அனுப்புங்கள். முதல் முறை ஐந்து கடைகளில் மூன்றில் டைக்ளோஃபினாக் வந்து, இரண்டாம் முறை ஒன்றில் மட்டும் வந்தால், எந்தக் கடைக்காரரிடம் மீண்டும் போய்ப் பேச வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.